வீட்டுக்காரர் இல்லாத வீடுகள்: ஊவாத் தோட்டங்களில் கழிவகற்றற் செலவின் வரலாறு

வரலாற்று மாணவன் ஒருவன் அரசர்களின் போர்களையும் ஆட்சிமாற்றங்களையும் ஆராய்கின்றான் என்றால் எவரும் வியப்பதில்லை. மலசலகூடத்தின் வரலாற்றை ஆராய்கின்றேன் என்று கூறினால் மட்டும் நகைப்பு எழுகின்றது. இக்கட்டுரையின் பொருளை நண்பர் சிலரிடம் கூறியபோது இவ்வனுபவம் எனக்கும் கிட்டியது. ஆயினும், ஒரு சமுதாயத்தில் உடைமை யாருடையது, உழைப்பு யாருடையது, பொதுப்பணம் யாருக்காகச் செலவாகின்றது என்னும் வினாக்களுக்கு மாளிகைகளின் முகப்பைக் காட்டிலும் வீடுகளின் பின்புறம் தெளிவான விடை தருகின்றது என்பது என் துணிபு. பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் அடிப்படையாகக் கொண்டு, மனிதக் கழிவை அகற்றும் செலவை இதுவரை யார் ஏற்றனர், இனி யார் ஏற்கப் போகின்றனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

நகரமொன்றிற் கழிவுநீர்க் குழாய் பதிக்கப்படும்போது செலவு இரண்டாகப் பிரிகின்றது. தெருவின் கீழ் ஓடும் தலைமைக் குழாய் பொதுச்செலவு. வீட்டிலிருந்து அதுவரை செல்லும் கிளைக்குழாய் வீட்டுக்காரர் செலவு. இப்பிரிவினை மிகப் பழையதாதல் வேண்டும். மொகஞ்சதாரோவின் வீட்டுக் கான்கள் தெருக் கான்களில் வந்து சேரும் இடங்களை அகழ்வாராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆனால், அங்கே யார் எதற்குப் பணம் கொடுத்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. சட்டமாக இப்பிரிவினை தெளிவுபெற்றது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயாகும். தொழிலாள மக்களின் சுகாதார நிலைபற்றி 1842இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1848இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டமும் இவ்வகையில் முக்கியமானவை. 1875ஆம் ஆண்டின் சட்டமோ இன்னும் திட்டவட்டமானது: வீட்டிலிருந்து 100 அடிக்குள் பொதுக்குழாய் இருக்குமாயின் அதனுடன் இணைக்குமாறு உரிமையாளருக்குக் கட்டளையிடலாம், அவர் செய்யாவிடின் சபையே செய்து செலவை அவரிடம் அறவிடலாம்.

சாட்விக் வெறும் சுகாதாரவாதி அல்லர், கணக்கறிந்தவர். முழுத்தொகையையும் ஒரே தடவையிற் கேட்டால் ஏழை வீட்டுக்காரரால் இயலாது. வசதியுள்ளவரும் எதிர்ப்பர் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, அச்செலவை வட்டியுடன் 30 ஆண்டுகள்வரை ஒரு தனி வரியாகப் பகுத்து அறவிட 1848ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி செய்யப்பட்டது. குடியிருப்பவர் வாடகைக்காரராயின், தாம் செலுத்திய வரியின் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்குரிய வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளவும் இடமிருந்தது. குழாய் நிலைத்த சொத்து, ஆதலின் சொத்தின் சொந்தக்காரரே இறுதியில் அதன் விலையைத் தாங்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. இக்கோட்பாட்டை வாசகர் மனத்திற் கொள்வாராக. ஊவாவின் லயங்களில் இது தலைகீழாக நின்றதையே பின்னர் காணப் போகின்றோம்.

வீட்டுக்காரர் பங்கு என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அது ஒரு குழாயின் விலை மட்டுமன்று. பழைய மலக்குழியை வெறிதாக்கி மண்ணிட்டு மூட வேண்டும். கிண்ணத்தை மாற்ற வேண்டும்; குசினித் தண்ணீரையும் மலசலகூடத் தண்ணீரையும் ஒழுங்குபடுத்த வேண்டும். முற்றத்தையோ சீமெந்துத் தரையையோ உடைத்துச் சரிவு தவறாமல் அகழி வெட்ட வேண்டும். மூடியுடன் கூடிய சோதனைக்குழி கட்ட வேண்டும். வீதியை வெட்டினால் அதற்கும் கட்டணம் உண்டு. இத்தனையும் முடிந்தபின் மாதாந்தக் கட்டணம் தொடங்குகின்றது. சமவெளி நகரங்களிற் செலவு இவ்வளவோடு நின்றுவிடும். மலைநாட்டிலோ வீதிக்கு மேலே ஒரு வீடும் வீதிக்குக் கீழே மற்றொரு வீடும் இருக்கும். மேல்வீட்டுக் கழிவு தானாக இறங்கிவிடும். கீழ்வீட்டாருக்கோ பம்பி வேண்டும், இன்றேல் அயலவர் நிலத்தின் ஊடாகக் குழாயைக் கீழ்வீதிக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒரே குழாய், ஒரே சட்டம். எனினும் செலவு ஒன்றன்று.

எமது நாட்டிற் குழாய்வழிக் கழிவகற்றலின் வரலாறு கொழும்பிலே தொடங்குகின்றது. 1906ஆம் ஆண்டை ஒட்டி அங்கே கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்படலாயின. வீடுகளும் நகர விருத்தியும் பற்றிய கட்டளைச்சட்டம் 1915இல் வந்தது. இன்றுங்கூட இலங்கை மக்களில் மிகச் சிறு பகுதியினரே குழாய்வழிக் கழிவகற்றும் வசதியைப் பெற்றிருக்கின்றனர். ஊவா மாகாணத்திற் கதிர்காமத்தில் அத்தகைய அமைப்பு உண்டு. ஆண்டுதோறும் அடியார் பெருந்தொகையினராகக் கூடும் தலமாதலின் அது இயல்பே. மலைநாட்டிலே அண்மைக்காலத்தின் பெரிய முயற்சி கண்டியில் நடைபெற்றது. 2010இல் யப்பானியக் கடனுதவி பெற்று, பேராதனைக்கு எதிர்க்கரையிலுள்ள கன்னொறுவையிற் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. பதுளை நகர வீடுகளோ பெரும்பாலும் குழிகளையே நம்பியிருக்கின்றன.

குழிகளுக்கு முன்னர் மலைநாட்டு நகரங்களில் வாளிக் கக்கூசு இருந்தது. விடியுமுன்னர் பின்வாசல் வழியாக வந்து வாளியை எடுத்துச் சென்ற நகரசுத்தித் தொழிலாளர் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து இதற்கென்றே கொண்டுவரப்பட்ட குடும்பத்தினர். வீட்டுக்காரர் சோலைவரி செலுத்தினார்; வாளி வெறிதாயிற்று. வாளிமுறை மலிவானது, குழாய்முறை விலை கூடியது என்று அக்காலத்து நகரசபைகள் கருதியதற்குக் காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. வாளியைச் சுமந்தவனின் கூலி குறைவு; அவன் குடும்பம் வாழ்ந்ததும் சபையின் லயத்திலேதான். சாதி என்னும் நிறுவனம் நகர வரிசெலுத்துவோருக்கு வழங்கிய மறைமுக உதவிப்பணம் இதுவென்றால் மிகையாகாது. தமிழ்ச் சங்கமொன்றின் மலரில் இதனைச் சொல்வது சிலருக்கு உவப்பாயிராது. ஆயினும், அவ்வாளியைச் சுமந்தவரும் தமிழரே.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். பதுளை ஒரு பள்ளத்தாக்கு நகரம். நமுனுகுல மலையும் அதன் தொடர்களும் சூழ்ந்து நிற்க, பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎலை, தெமோதரை என நாற்றிசையும் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பதுளை ஓயாவிற் கூடி, துன்ஹிந்தையில் வீழ்ந்து, ஈற்றில் மகாவலியைச் சேர்கின்றன. ஆதலின் தோட்டத்தின் கழிவு தோட்டத்தோடு நின்றுவிடும் என்பது கணக்கேட்டில் மட்டுமே உண்மை. தண்ணீர் அவ்வெல்லையை அறியாது.

கோப்பிக் காலத்திலேயே தோட்டத் தொழிலாளரின் உடல்நலம் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்துவிட்டது. 1872இன் மருத்துவத் தேவைகள் சட்டமும், 1912இல் இயற்றப்பட்ட இரு கட்டளைச்சட்டங்களும் தொழிலாளரின் நோயைத் தீர்க்கும் செலவைத் தோட்டக்காரர்மீது சுமத்தின. இக்கொள்கை நியாயமானதே. ஆனால், நோயைத் தீர்ப்பது வேறு. நோய் வராமற் காப்பது வேறு. மருந்துக்குச் செலவிடுவது ஆண்டுக்கணக்கில் அடங்கும். மலசலகூடம் கட்டுவது மூலதனச் செலவு. அதனால் ஒரு இறாத்தல் தேயிலையும் கூடுதலாக வராது என்றே துரைமார் கணித்தனர்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு தவிர்க்கவியலாதது. கோப்பி இலையை அழித்த பங்கசு நோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எமது மடுல்சீமையிலேயாகும். அந்நோயை ஆராய்வதற்கென ஹரி மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலாளர் 1880இல் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். கோப்பிச் செடியின் இலைக்கு வந்த நோய்க்கு 11 ஆண்டுகளில் ஓர் ஆராய்ச்சியாளர் கிடைத்தார். அச்செடியின் கீழே வெறுங்காலுடன் நின்றவரின் குருதியை உறிஞ்சிய கொக்கிப்புழுவுக்கு எதிரான இயக்கமோ கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய பின்னரே, 1916இல் தொடங்கியது.

அதனைத் தொடங்கியதும் தோட்டக்காரர் அல்லர். அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனமே அரசாங்கத்துடனும் தோட்டக்காரர் சங்கத்துடனும் பேசி, மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் முதலிற் பணியை ஆரம்பித்தது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கொக்கிப்புழு காணப்பட்டது. இப்புழுவின் வாழ்க்கைமுறை அறிந்தாலே செலவு பற்றிய வாதம் விளங்கும். மலத்துடன் வெளியேறும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. அங்கிருந்து இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றன. தோல்வழியாகப் புகும் இவ்வுண்மையை ஜெர்மனியரான லூஸ் 1898இல் எகிப்திற் கண்டறிந்திருந்தார். நிழலும் ஈரமும் வெறுங்காலும் தேயிலை மலையில் என்றும் உள்ளவை. ஆகவே மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், மலசலகூடம் இல்லாத மலையில் அதே தொழிலாளி சில மாதங்களில் மீண்டும் புழுவுடன் நிற்பார்.

மருந்தூட்டுவதற்கு முன்வந்த நிறுவனம், மலசலகூடம் கட்டும் செலவு தன் பொறுப்பன்று, தோட்ட உரிமையாளரின் பொறுப்பு என்பதில் உறுதியாயிருந்தது. தோட்டக்காரரோ செலவைக் காட்டித் தயங்கினர். கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் பாவிக்க மாட்டார்கள் என்றும் வாதிட்டனர். இரண்டாம் வாதம் முழுப்பொய் என்று சொல்வதற்கில்லை. இருளில், மழையில், லயத்துக்கு வெகுதொலைவில், தண்ணீரும் கதவும் இல்லாத ஒரு கூண்டைக் குழந்தைகள் அஞ்சி ஒதுக்கினர், பெரியோரும் ஒதுக்கினர். பாவிக்கத் தகாததைக் கட்டிவிட்டுப் பாவிக்கவில்லை என்று குறைகூறுவது எக்காலத்துக்கும் உரிய நிர்வாக முறை போலும். அரசின் வற்புறுத்தலாலும், சாவு கூடினால் தொழிலாளர் வரவு குறையும் என்ற அச்சத்தாலும் பின்வந்த ஆண்டுகளில் மலசலகூடங்கள் படிப்படியாக எழுந்தன.

அவ்வாறு எழுந்தவற்றின் எச்சமொன்றை நான் நேரிற் கண்டு வளர்ந்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அப்பாயி வாழ்ந்த லயத்துக்குப் பத்துக் காம்பராக்கள். ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அப்பத்துக் காம்பராவுக்குமாக வரிசையாக ஆறு கதவுகள் கொண்ட ஒரு கட்டடம் பீலிக்கரைக்கு அப்பால் நின்றது. என் நினைவில் அவற்றில் இரண்டே திறக்கக்கூடியவை. அதனைக் கழுவ ஒரு வாசக்கூட்டி இருந்தார். அவர் எல்லோருக்கும் வேலை செய்தார், எவரும் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. கதவு பழுதானால் யாரிடம் சொல்வது என்பதே பெரிய வினாவாயிருந்தது. தலைவரிடம் சொன்னால் கணக்கப்பிள்ளையிடம் போகும். கணக்கப்பிள்ளையிடம் சொன்னால் துரைக்குப் போகும். துரையிடமிருந்து விடை வருவதில்லை. அப்பாயியின் அயலவர் ஒருவர் தம் பணத்திற் பலகை வாங்கிக் கதவிட்டபோது, தோட்டத்துக் கட்டடத்திற் கைவைக்க உனக்கு உரிமையில்லை என்று கண்டிக்கப்பட்டார். செலவிட வேண்டியவர் செலவிடவில்லை. செலவிட முன்வந்தவருக்கு உரிமையில்லை. சாட்விக்கின் சட்டத்தில் இத்தகைய வீட்டுக்கு இடமே இல்லை. ஏனெனில், அச்சட்டம் எந்த வீட்டுக்கும் ஒரு வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்துவிடும். அவரைத் தேடிப்பிடிக்க ஒரு சபையும் அங்கே இருந்தது.

தோட்டத்துக்கு அந்தச் சபையும் இருக்கவில்லை. 1930களின் பிற்பகுதியிற் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியாவுக்கும் இலங்கைக்குமிடையே கசப்பு விளைந்ததை வரலாற்று மாணவர் அறிவர். அத்திருத்தத்தால் லயங்களில் வாழ்ந்தோர் கிராமச் சங்க வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் பாராளுமன்ற வாக்கையும் பறித்தன. வாக்கில்லாதவனின் கக்கூசு எந்த உறுப்பினரின் தேர்தல் அறிக்கையில் இடம்பெறும்? குடியுரிமைப் பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்துவந்த காலத்திலும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளின் பொது வசதிகளுக்குச் செலவிடத் தடையாகவே விளங்கிற்று. அதே சட்டம் பெருந்தோட்ட நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரத்தைச் சபைக்கு வழங்கியிருந்ததையும் இத்துடன் சேர்த்து நோக்குதல் தகும். இத்தடையை நீக்கும் திருத்தம் 2018இலேதான் வந்தது. பல ஆண்டுகளாகத் தோட்டத்துவாசி பிரதேச சபைக்கு வாக்களித்தார். தம் வாசலுக்கு ஒரு கான் வெட்டித் தருமாறு அச்சபையைக் கேட்க முடியவில்லை.

இடையில் உரிமையாளர்கள் மாறினர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத்துரை போனார், லயம் இருந்தது. 1973இன் வீடமைப்பு உச்சவரம்புச் சட்டத்தாற் கொழும்பு வாடகைக்காரர் பலர் வீட்டுக்காரராயினர். லயத்தில் வாழ்ந்தோர் அச்சட்டத்தால் வீட்டுக்காரராகவில்லை. எண்பதுகளில் நெதர்லாந்து, நோர்வே நாடுகளின் உதவியுடன் தோட்டங்களிற் பெருந்தொகையான மலசலகூடங்கள் கட்டப்பட்டன. நன்மை விளைந்தது உண்மை. அதனை மறுப்பது நன்றிமறத்தல். ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டக்காரர் தள்ளிப்போட்ட செலவை ஈற்றில் ஏற்றவர் ஐரோப்பாவின் வரிசெலுத்துவோர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. வீடமைப்பும் நலன்புரியும் அவ்வாண்டில் உருவான நம்பிக்கை நிதியத்தின் பொறுப்பாயின.

இப்பொழுது தனிவீடுகள் எழுகின்றன. ஏழு பேர்ச்சஸ் காணி, கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாகச் சம்பளத்திற் கழிக்கப்படும் கடன், இந்திய அரசின் உதவியுடன் 550 சதுர அடி வீடு எனப் பல வழிகள். இம்மாற்றத்தை யான் முழுமனத்துடன் வரவேற்கின்றேன். ஆனால், வீட்டுக்காரர் என்னும் பெயர் கிடைக்கும் அதே நாளில் வீட்டுக்காரர் செலவும் கிடைத்துவிடுகின்றது. மலசலகூடம் இப்பொழுது வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. குழி வீட்டின் பின்னால். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி; அதனைச் சதுரமாகக் கொண்டால் ஒரு பக்கம் 44 அடிக்கும் குறைவு. மலக்குழிக்கும் கிணற்றுக்குமிடையே 50 அடி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறுவார். அவர் கூறுவது சரியே. ஆனால், அந்த 50 அடி எங்கள் காணிக்குள் இல்லை! மலைச்சரிவில் வரிசைவரிசையாக வீடுகள் அமையும்போது மேல்வரிசையின் குழி கீழ்வரிசையின் பீலிக்குத் தலைமாட்டில் அமைகின்றது. சரிவில் ஊறும் நீர் நிலத்தைத் தளர்த்தும் என்னும் அச்சமும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்த பின்னர், சரிவில் எங்கு நீர் ஊறினாலும் எங்கள் மக்கள் அஞ்சுகின்றனர்.

ஆகவே, தனித்தனிக் குழிகளை விட, இருபது முப்பது வீடுகளுக்குச் சிறியதொரு பொதுக்குழாயும் கீழே ஒரு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டியும் பொருத்தமானவை என்று கொள்ளலாம். கராச்சியின் ஒரங்கியில் அக்தர் ஹமீத் கான் 1980இல் தொடங்கிய இயக்கம் இவ்வகையிற் கருதற்பாலது. வீட்டு மலசலகூடத்தையும் ஒழுங்கையின் குழாயையும் ஒழுங்கைவாசிகளே தம் பணத்தில் அமைத்தனர். தலைமைக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பங்கு என வகுக்கப்பட்டன. ஏழைகளால் இயலாது என்ற வாதத்தை அவர்கள் செயலாற் பொய்ப்பித்தனர். இதனை முன்மாதிரியாகக் காட்டி, தோட்டமக்களும் தம் செலவைத் தாமே ஏற்கட்டும் என்று கூறுவார் உளர். அவர்களோடு யான் உடன்படேன். ஒரங்கியின் வீட்டை அங்கு வாழ்ந்தவரே கட்டினார். வீட்டின் பயனையும் அவரே அனுபவித்தார். லயத்தின் பயனை ஒன்றரை நூற்றாண்டாக அனுபவித்தவர் வேறு. கழிவகற்றலுக்குச் செலவிடாமல் மிச்சம்பிடித்த பணம் தேயிலையின் இலாபத்தில் என்றோ கலந்துவிட்டது. இன்று புதிய வீட்டுக்காரரிடம் முழுப்பங்கையும் கேட்பது பழைய வீட்டுக்காரரின் கடனைக் கேட்பதாகும். தலைமைக் குழாயோடு வீட்டிணைப்பையும் பொதுச்செலவாகக் கொள்ளுதல், இயலாதவிடத்துச் சாட்விக்கின் முறையில் நீண்டகாலத் தவணையாகப் பகுத்தல், அதிலும் ஒரு பங்கைக் காணியின் குத்தகையை அனுபவிக்கும் கம்பனி ஏற்றல் ஆகியன நியாயமாகும். 2018இன் திருத்தத்தின் பின்னர் பிரதேச சபைக்கு இதிலிருந்து விலகி நிற்கச் சட்டக்காரணம் இல்லை.

என் தந்தையார் எங்கள் வீட்டைக் கட்டியபோது ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிற் கணக்கெழுதினார். குழிவெட்டிய கூலி அதில் இல்லை. மாமன்மாரும் அயலவரும் வெட்டினர். செங்கல், சீமெந்து, மூடிக்கல், குழாய், இவற்றை லொறி நிற்கும் வீதியிலிருந்து தலைச்சுமையாக ஏற்றிய கூலி ஆகியன உண்டு. அனைத்தையும் கூட்டினால் அக்காலத்து அவருடைய மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் வந்தது. சென்ற விடுமுறையின்போது எங்கள் வரிசையின் ஆறு குடும்பத்தார் கூடி, ஆறு குழிகளையும் கைவிட்டு ஒரே குழாயிற் சேர்வதுபற்றிப் பேசினர். பணத்தைப் பற்றிய இணக்கம் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஏற்பட்டது. குழாய் இறுதியிற் கீழ்வீட்டின் நிலத்தின் ஊடாகச் செல்ல வேண்டும் என்ற இடத்திலே பேச்சு நின்றது. அவ்வீட்டுக்காரர் எதிர்ப்பாளர் அல்லர். காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லையே, வெட்ட விடுவதற்கு நான் யார் என்று மட்டும் கேட்டார். அவருக்கு எவரும் விடை கூறவில்லை. கொப்பியில் அப்பக்கம் இன்னும் வெறிதாகவே இருக்கின்றது.